நர்சரியில ஒரு "ங்க" குறையுதுங்க

செடி வாங்கிட்டு வர்றேன்னு கிளம்பின ஆள் அரை மணி நேரத்துல திரும்பி வந்தா, நர்சரி பூட்டியிருந்துச்சுன்னு அர்த்தம். திறந்திருந்தா மூணு மணி நேரம். மல்லிகை வாங்கப் போனவர் மல்லிகையைத் தவிர மத்த நாலு செடி, ரெண்டு பை மண்புழு உரம், காசில்லாம கிடைச்ச டேபிள் ரோஸ் கிளை ஒண்ணு, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் சொன்ன மாவுப்பூச்சி வைத்தியம், இத்தனையும் தூக்கிட்டு மத்தியான வெயில்ல வந்து நிப்பார். வீட்டுல திட்டு விழும். அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடியும் கிளம்புவார்.

மாடித்தோட்ட மக்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. மத்தவங்களுக்காகச் சொல்றேன். ஜவுளிக்கடையில, செல்போன் கடையில, சூப்பர் மார்க்கெட்டுல எல்லாம் காணாமப் போன ஒரு பழைய மரியாதை நர்சரியில இன்னும் மிச்சம் இருக்கு. அது ஏன் அங்க மட்டும் பிழைச்சுக் கிடக்குது, அதுல ஓட்டை எங்க இருக்குன்னு எனக்கு ஒரு கருத்து உண்டு. அதைத்தான் இன்னைக்குக் கொட்டப் போறேன். பொட்டி தட்டற பயலுக்கு மண்ணைப் பத்தி என்ன தெரியும்னு கேக்கறவங்க, கடைசி வரைக்கும் படிச்சுட்டுத் திட்டுங்க :)

முதல்ல அந்த மரியாதை என்னன்னு பாப்போம்.

ராயபுரத்துல உக்காந்துக்கிட்டுத் தோட்டம்னு சொன்னா சிரிப்பாங்க. இங்க தோட்டம்னா மொட்டை மாடியில பதினஞ்சு குரோ பேக், ஓட்டைப் பெயிண்ட் டப்பா, உடைஞ்ச பிளாஸ்டிக் குடம், அவ்வளவுதான். செடிக்கு ஊரைத் தாண்டி மெயின் ரோட்டுப் பக்கம் போகணும். பச்சை வலை கட்டின கொட்டாய் தெரிஞ்சா வண்டியை ஓரங்கட்டலாம். உள்ள நுழைஞ்சதும் "என்ன வேணும்?"னு யாரும் கேக்க மாட்டாங்க. "வாங்க, பாருங்க" அப்படீம்பாங்க. அதுக்கப்புறம் நீங்க ஒரு மணி நேரம் சும்மா சுத்தலாம். ஒண்ணும் வாங்காம வெளிய வரலாம். பின்னாடியே ஒருத்தர் நிழல் மாதிரி வந்து ஆஃபர் சொல்ல மாட்டார்.

நீங்களா ஒரு செடியைத் தொட்டு நின்னாத்தான் பேச்சு ஆரம்பிக்கும். அதுவும் விலையில ஆரம்பிக்காது. "மாடியிலீங்களா, கீழயா?" "வெயில் எத்தனை மணி வரைக்கும் இருக்குமுங்க?" "போர்த் தண்ணியா, குழாய்த் தண்ணியா?" டாக்டர் கேக்கற மாதிரி வரிசையாக் கேப்பாங்க. எல்லாம் கேட்டுட்டு, சில சமயம் விக்கவே மாட்டாங்க. "இப்ப வேண்டாமுங்க. ஆடிக்காத்து ஓயட்டும். ஐப்பசி மழைக்கு வச்சா நல்லாப் பிடிச்சுக்கும்." கையில காசை வச்சுக்கிட்டு நிக்கறவரைப் பாத்து அப்புறம் வாங்கன்னு சொல்ற வியாபாரம் வேற எங்கயாவது இருந்தாச் சொல்லுங்க, நானும் வந்து பாக்கறேன்.

வாங்கி முடிச்ச பிறகு கொசுறு. கத்தரி நாத்து பத்து எண்ணிட்டு ரெண்டு சேத்து வைப்பாங்க. தூதுவளையோ ஓமவல்லியோ ஒரு கிளை உடைச்சு, "சும்மா ஊனி வைங்க, வரும்" அப்படீன்னு பையில சொருகுவாங்க. கிளம்பும்போது ஒரு கட்டளை: "எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க." இது உபசாரப் பேச்சு இல்லை. அடுத்த முறை போனா முதல் கேள்வியே அதுதான்.

செடி வளக்கறவங்களுக்குள்ள இருக்கற வழக்கங்கள் தனி. அடுத்த வீட்டுச் செடியில கேக்காம போத்து ஒடிக்கக் கூடாது (மணிபிளான்ட் மட்டும் விதிவிலக்கு, அது திருடி வச்சாத்தான் வளரும்னு ஊருக்கே ஒரு வசதியான நம்பிக்கை!). விளக்கு வச்ச பிறகு செடியைத் தொடக் கூடாது, அது தூங்குற நேரம். சுரைப்பிஞ்சை விரல் நீட்டிக் காட்டக் கூடாது, விரலை மடக்கித்தான் காட்டணும், இல்லைன்னா பிஞ்சு அழுகிடும். எத்தனை காய் பிடிச்சிருக்குன்னு சத்தமா எண்ணக் கூடாது. விதை வாங்கினவங்க அறுவடையில ஒரு பிடி விதையைத் திருப்பிக் கொடுக்கணும்.

விரல் நீட்டினா பிஞ்சு அழுகுமான்னு அறிவியல் கேக்காதீங்க. அழுகாது. பூ சரியா மகரந்தம் சேராம இருந்தாலோ, பழ ஈ குத்தினாலோதான் பிஞ்சு வெம்பி விழும். ஆனா அந்த விதி என்ன செய்யுதுன்னு பாருங்க. அடுத்தவர் ஆசையா வளத்த ஒண்ணு முன்னாடி நிக்கும்போது கையையும் வாயையும் கொஞ்சம் அடக்கிக்கச் சொல்லுது. அந்த அளவுக்கு எனக்குச் சம்மதம்.

இது நம்ம ஊருக்கு மட்டும் உரிய பழக்கமும் இல்லை. அமெரிக்காவோட தென் மாநிலங்கள்ல, ஒருத்தர் செடி கொடுத்தா "நன்றி" சொல்லக் கூடாதுன்னு பழைய நம்பிக்கை இருக்கு. நன்றி சொன்னா அந்தச் செடி வளராதாம். இப்படிக் கை மாறிக் கை மாறியே பிழைச்ச செடிகளைப் பத்தி ஸ்டீவ் பெண்டர், ஃபெல்டர் ரஷிங்னு ரெண்டு பேர் 1993-ல் ஒரு புத்தகமே எழுதினாங்க. இங்கிலாந்துல 1927-ல் நேஷனல் கார்டன் ஸ்கீம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. வீட்டுத் தோட்டத்தை ஊருக்குத் திறந்து விடணும், வர்றவங்க தலைக்கு ஒரு ஷில்லிங் கொடுக்கணும், அந்தக் காசு வீடு வீடாப் போய் நோயாளிகளைப் பாக்கற நர்ஸுகளுக்கு. முதல் வருஷமே 609 தோட்டங்கள் திறந்தாங்க. இன்னைக்கும் நடக்குது, டீயும் கேக்கும் சகிதம். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் வீட்டுக்குள்ள நுழைஞ்சு செடி பாத்துட்டு வர்றதுக்கு ஒரு ஒழுங்கு முறை வச்சிருக்காங்க. பூட்டின கேட்டுக்கு ரெண்டு பக்கமும் மரியாதை இருந்தாத்தான் அது நடக்கும்.

சரி, இதெல்லாம் ஏன் நர்சரியில மட்டும் மிச்சம் இருக்கு? செடிக்காரங்க நல்லவங்கன்னு சொல்லிட்டுப் போயிடலாம். எனக்கு அதுல நம்பிக்கை இல்லை. செடிக்கு அது தேவைப்படுது, அதனால மிச்சம் இருக்கு.

திருப்பூரையே எடுத்துக்கங்க. இங்க செடி வளக்கறது தண்ணியோட நடத்துற சண்டை. வருஷக்கணக்கா நொய்யல்ல சாயத்தண்ணி ஓடுச்சு. 1992-ல் கட்டி முடிச்ச ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குன்னு வந்து, சாயக்கழிவு தேங்குற தொட்டியா மாறின கதை ஊருக்கே தெரியும். 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவைச் சொட்டுக்கூட வெளிய விடக்கூடாதுங்கற விதி நிஜமாவே பல்லு முளைச்சு வந்துச்சு. ஆனா பூமிக்குள்ள இறங்கின உப்பு தீர்ப்பைப் படிச்சுட்டு வெளிய போயிடாது. இன்னைக்கும் பல தெருவுல போர்த் தண்ணியைத் தொட்டிச் செடிக்கு ஊத்தினா, நாலு மாசத்துல மண்ணுக்கு மேல வெள்ளையாப் பூத்து நிக்குது.

இந்தத் தண்ணியில ரோஜா இலை ஓரம் கருகும். இட்லிப்பூ இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும், மண்ணு காரமானதும் இரும்புச் சத்தை அதால எடுத்துக்க முடியாது. அரளியும் காகிதப்பூவும் "எனக்கென்ன"ன்னு பூத்துத் தள்ளும். இது செடியோட அட்டையில இருக்காது. ஆந்திராவுல ராஜமுந்திரி பக்கத்துல கடியம்னு ஒரு ஊரு, சுத்தி எங்க பாத்தாலும் நர்சரி. கேரளாவுல திருச்சூர் பக்கம் மண்ணுத்தி. ரோஜாவுக்கு ஓசூர். இந்த மாதிரி இடங்கள்ல இருந்து லாரியில வர்ற செடிக்கு நம்ம ஊர்த் தண்ணி தெரியாது, ஆடிக்காத்தும் தெரியாது. நல்ல நர்சரியில இறக்கின உடனே விக்க மாட்டாங்க. வலைக்குள்ள வச்சு, கொஞ்சம் கொஞ்சமா வெயிலுக்கு நகத்தி, இலை உதிர்த்துப் புதுத் தளிர் விட்ட பிறகுதான் முன் வரிசைக்கு வரும்.

ஆக, "போர்த் தண்ணிங்களா?"ங்கற கேள்வி மரியாதை மட்டும் இல்லை, அது வைத்தியம். "எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க"ங்கறதும் அப்படித்தான். எந்தத் தெருவுல எது செத்துச்சு, எது பிழைச்சுச்சுன்னு நர்சரிக்காரர் மண்டைக்குள்ள ஒரு வரைபடம் இருக்கு. அதுக்கு நம்மதான் தகவல் கொடுக்கறோம். நம்ம பாஷையில சொன்னா பக் ரிப்போர்ட். அந்தப் பேச்சு நின்னு போச்சுன்னா வரைபடமும் அத்தோட நின்னுடும்.

ஆன்லைன்ல செடி வாங்கறதை நான் குத்தம் சொல்லலை. இங்க கிடைக்காத ரகம் அங்க கிடைக்குது. நர்சரி வரைக்கும் போக முடியாத வயசானவங்களுக்கு அது பெரிய வசதி. ஆனா அட்டைப்பெட்டிக்குள்ள வர்ற செடி உங்க மாடி எந்தப் பக்கம் பாத்திருக்குன்னு கேக்காது. செத்தா ரெண்டு நட்சத்திரம் போட்டுட்டு அடுத்ததை ஆர்டர் பண்ணுவோம். ஏன் செத்துச்சுங்கற விஷயம் யாருக்கும் போய்ச் சேராது.

இது வரைக்கும் படிச்சுட்டு "ஆகா, நம்ம கொங்கு மரியாதையே தனி"ன்னு காலரைத் தூக்கி விட்டுக்கறவங்களுக்குத்தான் மீதிப் பதிவு. இப்பதான் மேட்டருக்கே வர்றேன்.

அந்த "ங்க" யார் யாருக்குப் போகுதுன்னு ஒரு நாள் நர்சரியில நின்னு கவனிச்சுப் பாருங்க.

கல்லாவுல இருக்கற முதலாளிக்குப் போகும். "ஏனுங்ணா, இந்த நந்தியாவட்டை அடுக்கா, ஒத்தையா?" அவர்கிட்ட இருந்து கார்ல வந்தவங்களுக்குத் திரும்பி வரும். ஒரு மூலையில குத்த வெச்சு உக்காந்து பாக்கெட்டுக்கு மண்ணு ரொப்பற அக்காவுக்கு? "ஏம்மா, அந்தச் செடியை எடு." நரை விழுந்தவங்களை, பேத்தி வயசுல இருக்கற பொண்ணு "எடு, வை"ங்கறதை எத்தனையோ தடவை பாத்தாச்சு. ஒடிசாவுல இருந்தோ பீகார்ல இருந்தோ வந்து மூட்டை தூக்கற பையனுக்கு "டேய்" கூட சில சமயம் கிடைக்காது. விரல் சொடுக்குத்தான். சுரைப்பிஞ்சுக்கு நேரா விரல் நீட்டப் பயப்படற அதே கை!

இன்னொண்ணும் சொல்லிடறேன். "எந்த ஊருங்க?"ன்னு கேக்கறது நம்ம பக்கத்துல ரொம்பப் பாந்தமான கேள்வி. நானும் ரசிப்பேன். ஆனா அதோட அடுத்த கேள்வி, "அந்த ஊர்ல எந்தப் பக்கமுங்க?" அது எதுக்குன்னு கேக்கறவருக்கும் தெரியும், பதில் சொல்றவருக்கும் தெரியும். பதிலைப் பொறுத்து "ங்க" தொடரும், இல்லைன்னா மெல்லக் கழண்டுக்கும். பழைய மரியாதை பழைய மரியாதைன்னு உருகும்போது இந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சுட்டுப் பேசறது நேர்மை இல்லை.

இத்தனைக்கும் நர்சரியில விஷயம் தெரிஞ்ச ஆள் அந்த அக்காதான். பதியம் போட்டது அவங்க. தண்ணி ஊத்தறது அவங்க. லாரியில வந்த செடியை வெயிலுக்குப் பழக்கினது அவங்க. "ஒட்டுக்குக் கீழ வர்ற தளிரைக் கிள்ளிப் போட்டுருங்க, விட்டா காட்டு ரோஜாதான் வரும்"னு சொல்றதும் பெரும்பாலும் அவங்கதான். கல்லாக்காரருக்கு விலை தெரியும், ரகம் தெரியும். எந்தச் செடி நேத்து தலை சாஞ்சு நின்னுச்சுன்னு தெரிஞ்சவங்க மூலையில உக்காந்திருக்காங்க. அவங்களை "எடு, வை"ன்னு பேசினா அவங்க எடுத்துக் கொடுத்துட்டுப் போயிடுவாங்க. தலை சாஞ்ச விஷயத்தை ஏன் சொல்லணும் அவங்க?

இது புதுசும் இல்லை. ஊட்டி தாவரவியல் பூங்காவோட ஆரம்பமே 1840-கள்ல அங்க இருந்த வெள்ளைக்காரங்க ஒண்ணு சேந்து, மாசச் சந்தா போட்டுக் காய்கறி விளைவிச்சதுதான். 1848-ல் கியூ தோட்டத்துல இருந்து வந்த வில்லியம் மக்கைவர் அதைப் பூங்காவா மாத்தினார். சந்தா கட்டினவங்களுக்குள்ள மரியாதைக்கு ஒரு குறையும் இருந்திருக்காது. மக்கைவர் பேரை இன்னைக்கும் சொல்றோம். அந்த மலைச்சரிவை வெட்டித் தளம் தளமாக்கின கூலிக்காரங்க பேரை யாரும் சொல்றதில்லை.

இதுக்கு எதிர்க் கதையும் ஒண்ணு இருக்கு, அதுவும் நம்ம கோயமுத்தூர்ல. ராபர்ட் வைட்னு ஒரு ஸ்காட்லாந்து டாக்டர், கிழக்கிந்தியக் கம்பெனி ஆளு. 1842-ல் இருந்து 1853 வரைக்கும் கோவையில அமெரிக்கப் பருத்தியை விளைய வைக்கற சோதனைப் பண்ணைகளைப் பாத்துக்கிட்டார். பருத்தியில வாழற ஊர்க்காரங்க நாம, தெரிஞ்சு வச்சுக்க வேண்டிய பேரு. அவர் தென்னிந்தியத் தாவரங்களைப் பத்தி 1838 முதல் 1853 வரைக்கும் ஆறு தொகுதி படப் புத்தகம் கொண்டு வந்தார். அதுக்கு மூலப்படங்களை வரைஞ்சு கொடுத்தவங்கள்ல முக்கியமானவங்க ரங்கையா, கோவிந்து அப்படீன்னு ரெண்டு இந்திய ஓவியர்கள். அந்தக் காலத்துல ஓவியனுக்குக் கூலியோட கணக்கு முடிஞ்சுடும். வைட் ஒரு ஆர்க்கிட் வகைக்கு கோவிந்தூயான்னு கோவிந்துவோட பேரையே வச்சார். பின்னாடி தாவரவியல்காரங்க அதை ட்ரோபிடியாங்கற பேரினத்தோட சேத்துட்டாங்க, இப்ப அந்தப் பேரு புழக்கத்துல இல்லை. ஆனா 2007-ல் ஹென்றி நோல்ட்டிங்கற ஆய்வாளர் வைட்டைப் பத்தி எழுதின புத்தகத் தலைப்புலயே ரங்கையா, கோவிந்து பேரும் சேந்து வந்துச்சு. வைட் ஒண்ணும் புரட்சிக்காரர் இல்லை, கம்பெனி சர்க்கார் உத்தியோகஸ்தர். அவரே ஒரு செடிக்குப் பேர் வச்சார்னா, நமக்கு ஒரு "ங்க" போடறதுக்கு என்ன கஷ்டம்?

"கேக்கறவங்களுக்கே அது பெருசாத் தெரியாது, நீ ஏம்ப்பா குதிக்கறே"ன்னு ஒரு நண்பர் கேட்டார். தெரியாதுன்னு அவங்க சொன்னாங்களா? அவங்களை யாரு கேட்டது? இன்னொருத்தர், "மரியாதை வயித்துக்குச் சோறு போடுமா, கூலியைப் பத்திப் பேசு" அப்படீன்னார். நியாயம். கூலியைப் பத்தியும் பேசணும். ஆனா நாப்பது ரூபாச் செடியை முப்பதுக்குக் கேட்டு அரை மணி நேரம் மல்லுக்கட்டற நம்ம ஆளுங்க அந்தப் பேச்சை எடுக்கறதுக்கு முன்னாடி, அந்தப் பத்து ரூபாயை விட்டுத் தரலாம். ஷோரூம்ல சட்டை எடுக்கும்போது யாரும் பேரம் பேசறதில்லை பாருங்க.

என்ன செய்யலாம்? பெரிய போராட்டம் எதுவும் வேண்டாம். அடுத்த தடவை போகும்போது செடியைப் பத்தின கேள்வியை மண்ணு ரொப்பற அக்காகிட்ட கேளுங்க. "அக்கா, இது உப்புத் தண்ணி தாங்குமுங்களா?" பதிலை முழுசாக் கேளுங்க. மூட்டை தூக்கற தம்பிகிட்ட "தூக்கிக் குடுங்க தம்பி"ன்னு சொல்லுங்க. "ங்க"வுக்குத் தமிழ் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமில்லை, குரல்லயே புரியும். செடி பூத்துச்சுன்னா அந்தச் சேதியைக் கல்லாவுல மட்டும் சொல்லாம, பதியம் போட்டவங்ககிட்டயும் போய்ச் சொல்லுங்க. கிளம்பும்போது எல்லாரையும் பாத்து "வரட்டுங்களா" சொல்லுங்க. "எந்த ஊருங்க"ன்னு தாராளமாக் கேளுங்க, ஊர் பேரோட நிறுத்திக்கங்க.

2015-ல் ஆரம்பிச்ச வனத்துக்குள் திருப்பூர் திட்டத்துல லட்சக்கணக்குல மரக்கன்னு நட்டிருக்காங்க இந்த ஊர்ல. கன்னு ஒவ்வொண்ணும் முதல்ல ஒரு நாத்துப் பண்ணையில, யாரோ ஒருத்தர் கையில, ஒரு பாக்கெட் மண்ணுல ஆரம்பிச்சதுதான். நட்டவங்க படத்தைப் பேப்பர்ல பாத்துக் கைதட்டறோம், தட்டணும். முளைக்க வச்சவங்களைப் பாக்கணும்னா ஞாயித்துக்கிழமை காலையில நர்சரியோட பின்பக்கம் போனாப் போதும்.

உங்க ஊர் நர்சரியில எப்படீங்க? "ங்க" எல்லாருக்கும் போகுதா? கவனிச்சுட்டுச் சொல்லுங்க.

பி.கு. 1: புதுச் செடியைக் கொண்டு வந்த அன்னைக்கே தொட்டி மாத்தாதீங்க. ஒரு வாரம் நிழல்ல வச்சு நம்ம வீட்டுக் காத்துக்குப் பழகட்டும்.

பி.கு. 2: உப்புத் தண்ணிக்காரங்க மழைத் தண்ணியை ரெண்டு டிரம் பிடிச்சு வச்சு, அப்பப்போ தொட்டியோட அடி ஓட்டை வழியா ஒழுகற அளவுக்கு ஊத்துங்க. மேல பூத்த உப்பு கரைஞ்சு இறங்கும். இந்த ரெண்டும் எனக்கு மண்ணு ரொப்பற அக்கா ஒருத்தங்க சொல்லிக் கொடுத்ததுங்க.